யார் வாயைத் திறந்தது?

ஆறு ஆட்டம் ஆடினார்கள். ஆறிலும் தோற்றார்கள்.

ஏப்ரல் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மைதானத்தின் ஓரங்களில் அழுக்குப் பனி இன்னும் கரையவில்லை. அதற்குள் கிரான்வுட் ஆந்தைகள் பேஸ்பால் அணி ஊர் மானத்தை வாங்கிவிட்டது. காகித ஆலையை இழுத்து மூடிய பிறகு அந்த ஊரில் மிச்சம் இருந்தவை ஓர் ஆறு, ஒரு பள்ளிக்கூடம், இந்த அணி. ஆற்றில் மீன் கிடையாது.

பதினொரு வயது ஜோசி பாவ்லிக் முதல் தோல்விக்கு அழுதாள். இரண்டாவதுக்குச் சாப்பிடவில்லை. மூன்றாவதுக்கு வானொலியை எட்டி உதைத்தாள். வானொலிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுடைய கட்டைவிரல்தான் வீங்கியது. ஆறாவது தோல்விக்கு அவள் ஒன்றுமே செய்யவில்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா ரெனாட்டாவுக்குக் கோழிக்கறித் தொழிற்சாலையில் வேலை. ஆந்தைகள் ஜெயிக்கும்வரை தன் தொப்பியைத் துவைப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தாள்.

"அம்மா, தொப்பி நாறுது."

"நாறட்டும். துவைச்சா ராசி போயிடும்."

"ஆறு ஆட்டம் தோத்தாச்சு. இதுல ராசி எங்க இருக்கு?"

"வாய மூடிட்டுச் சாப்பிடு."

ஊரே அப்படித்தான். யாரோ ஒருவர் மைதானத்துக்குக் காலுறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். இன்னொருவர் எந்த நாற்காலியிலும் இரண்டு முறை உட்காருவதில்லை. அணி மட்டும் விடாமல் தோற்றுக்கொண்டே இருந்தது.

கோபத்தை யார்மீதாவது கொட்ட வேண்டும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் அதற்கு ஓர் ஆள் கிடைத்தாள். நொயேலியா பத்திஸ்டா. இந்த வருடம்தான் வந்தவள். ஆந்தைகளுக்குப் பந்து எறிபவர்களில் ஒருவரான எஸ்தேபான் பத்திஸ்டாவின் மகள். ஆறு தோல்விகளில் இரண்டு அவர் பந்து எறிந்த ஆட்டங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் மேசையில் யாரும் உட்காரவில்லை. வகுப்பிலேயே பெரிய வாய்க்காரனான பிராடி அவள் தட்டில் வேர்க்கடலைத் தோலைப் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஜோசியும் சிரித்தாள். சிரித்ததோடு விடாமல், "உங்கப்பா எறியுற பந்த எங்க வீட்டுப் பூனைகூட அடிச்சிடும்," என்றாள்.

நொயேலியா அழவில்லை. தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"சனிக்கிழமை எங்கப்பாதான் எறியுறாரு," என்றாள். "அன்னைக்கும் தோத்தா அவர அணிய விட்டே அனுப்பிடுவாங்களாம். அப்புறம் நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"அனுப்பினா நீ எங்க போவ?"

"தெரியல. இது எனக்கு நாலாவது பள்ளிக்கூடம்."

ஜோசி மிச்ச ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. வானம் ஈயத்தகடு மாதிரி இருந்தது. காற்று காதை அறுத்தது. ஜோசியும் அம்மாவும் வழக்கமான வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்று வரிசை முன்னால் நொயேலியா தனியாக, மெல்லிய சட்டை ஒன்றோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஜோசி கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தாள். பிறகு எழுந்து போனாள்.

"எங்ககிட்ட கம்பளி இருக்கு. வர்றியா?"

"பூனையும் வந்திருக்கா?" என்று கேட்டாள் நொயேலியா.

"பூனைக்கு இன்னைக்கு லீவு. வாடி."

ஆட்டம் தொடங்கியது. பத்திஸ்டா எறிந்த முதல் பந்தே சாட்டை மாதிரி வந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. எதிரணிக்காரர்கள் ஒவ்வொருவராக மட்டையைச் சுழற்றிக் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு சுற்று முடிந்தது. இரண்டு முடிந்தது. ஐந்து சுற்று முடிந்தும் ஒருவரால்கூடப் பந்தை அடித்து ஓட முடியவில்லை.

மைதானம் மெல்ல மெல்ல அமைதியானது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. பந்து எறிபவர் இப்படி ஓர் ஆட்டம் ஆடும்போது, 'இன்னும் யாரும் அடிக்கவில்லை' என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் போச்சு, அடுத்த பந்தே அடிபட்டுவிடும். பேஸ்பால் பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். சக ஆட்டக்காரர்கள்கூடப் பத்திஸ்டா பக்கத்தில் போகவில்லை. ஒரு நீண்ட பெஞ்சில் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஆறாவது சுற்று தொடங்கும்போது நொயேலியாவின் கைப்பேசி அதிர்ந்தது. டெக்சாஸிலிருந்து அவள் அம்மா. கைக்குழந்தையோடு அங்கேயே இருக்கிறாள். நொயேலியா கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பேசினாள். அப்பா எப்படி எறிகிறார் என்று அம்மா கேட்டிருக்க வேண்டும்.

"இன்னும் ஒருத்தர்கூட அடிக்கலம்மா," என்றாள் நொயேலியா. கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

டமார்!

பந்து பறந்தது. வேலியைத் தாண்டி விழுந்தது; எதிரணிக்கு ஒரு ரன். அதே சுற்றில் இன்னோர் அடி, இன்னொரு ரன்.

பின் வரிசையில் இருந்த மீசைக்கார டோனல் துள்ளி எழுந்தார். "யாரு வாயத் திறந்தது? என் காதால கேட்டேன்! இங்கதான் யாரோ சொன்னாங்க!"

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. பெரிய பெரிய ஆட்கள். நொயேலியா கம்பளியை விலக்கினாள். அவள் உதடு அசையப் போவதை ஜோசி பார்த்தாள்.

ஜோசி எழுந்து நின்றாள்.

"நான்தான் சொன்னேன்."

"நீயா?" அம்மாவுக்குத் தொப்பிக்குக் கீழே முகம் சிவந்துவிட்டது. "உனக்கு அறிவிருக்காடி? உனக்கு எல்லாமே தெரியுமே!"

"பிறந்த ஊருக்கே துரோகம் பண்ணிட்டா!" என்று யாரோ கத்தினார். வேர்க்கடலைத் தோல் ஒன்று பறந்து வந்து ஜோசியின் காதில் பட்டது.

ஜோசிக்குச் சுர்ரென்று ஏறியது. "எத்தனை ரன் எடுத்திருக்கோம்? சொல்லுங்க! முட்டை! அவரு தனி ஆளா எறிஞ்சிட்டிருக்காரு, நம்ம ஆளுங்க ஒருத்தராவது மட்டையால எதையாவது அடிச்சாங்களா? இதுக்கு முன்னாடி ஆறு ஆட்டம் தோத்தோமே, அப்ப யாரு வாயத் திறந்தா?"

பதில் இல்லாதபோது பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள்.

"மேல போய் உக்காரு!" என்றார் டோனல். "கடைசி வரிசைக்குப் போ! ராசி கெட்டது!"

ஜோசி போனாள். நொயேலியாவும் கூடவே போனாள். கடைசி வரிசைக்குக் கூரை இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. ஏழாவது தோல்வி.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள் நொயேலியா.

"உன்ன அவங்களுக்கு ஏற்கனவே பிடிக்காது. எனக்கு அந்தத் தொல்லை புதுசு. கொஞ்ச நாள் தாங்குவேன்."

"ஆனா சொன்னது நான்தானே. நான்தான் எங்கப்பாவக் கெடுத்துட்டேன்."

"நூறு பேர் சாட்சி இருக்காங்க, நான் சொன்னேன்னு. நீ யாருகிட்டப் போய் நிரூபிப்ப?"

நொயேலியா சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பத்திஸ்டா குடும்பத்தின் பழைய கார் துணி துவைக்கும் கடைக்கு முன்னால் நின்றது. அந்தக் கடைக்கு மேலேதான் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அணி அவரை அனுப்பிவிட்டது. நாலு பெட்டி, ஓர் அரிசி குக்கர், ஒரு தலையணை. அவ்வளவுதான் சாமான். ஜோசி ஓடி வந்து தலையணையைத் தூக்கிக் கொடுத்தாள்.

பத்திஸ்டா அவளை ஏற இறங்கப் பார்த்தார். இரவு முழுக்கத் தூங்காத கண்கள்.

"நேத்து வாயத் திறந்த பொண்ணு நீதானா?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது ஜோசிக்கு. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, மிஸ்டர் பத்திஸ்டா. நான்தான். மன்னிச்சிடுங்க," என்றாள்.

"அவ இல்லப்பா!" நொயேலியாவின் குரல் உடைந்தது. "நான்தான். அம்மா போன்ல கேட்டா. நான் சொல்லிட்டேன். அவ எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டா."

பத்திஸ்டா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். கடைக்குள் ஏதோ துணி துவைக்கும் இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா கேட்டா சொல்லித்தானே ஆகணும்," என்றார் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானும்தான் பெஞ்சுல உக்காந்து, எத்தனை பேரு அடிக்காமப் போனாங்கன்னு விரல் விட்டு எண்ணிட்டிருந்தேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க."

நொயேலியா விசும்பிக்கொண்டே அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் மெதுவாகத் தளர்ந்தது.

கார் கிளம்பியது. ஐந்தாவது பள்ளிக்கூடம் எந்த ஊரில் என்று அவர்களுக்கே தெரியாது. கார் ஆலை மதில் திரும்பி மறையும்வரை நொயேலியா பின் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை மதியம் ஜோசியின் மேசையில் யாரும் உட்காரவில்லை. பிராடி மட்டும் வந்து நின்றான்.

"உன் வாயாலதான் தோத்தோம். அந்த ஆளு ஊர விட்டே போயிட்டான், உன்னாலதான். தெரியுமா?"

உண்மையைச் சொல்ல ஜோசிக்கு ஒரு நிமிடம் போதும். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆமா, என் வாய்தான்," என்றாள். "இப்ப அது சாப்பிடப் போகுது. நகரு."