தோலுக்கு முந்திய எதிரொலி

லேசர் ஒருமுறை பாய்ந்தால் ஒரு 'டிக்' கேட்க வேண்டிய இடத்தில் இரண்டு கேட்டன. மெலிதாக ஒன்று, அதை ஒட்டினாற்போல் வழக்கமான டிக். ஜன்னலே இல்லாத அந்த லேசர் அறையில், சூடேறிய தூசியும் பாதுகாப்புக் கண்ணாடியின் ரப்பரும் கலந்த பழகிய வாடைக்கு நடுவே, தலைமை ஆய்வாளர் உதட்டைச் சுழித்தார். டெக்னீஷியன் எதையாவது அரைகுறையாக முடுக்கியிருப்பாள். அவளுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த ரகம்.

கருவியின் வேலை பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். லேசர் பட்ட இடம் கணநேரம் சூடாகும். அங்கே ஒலி பிறந்து உள்ளே போய், ஒவ்வோர் அடுக்கிலும் முட்டித் திரும்பும். விமானத் தகடோ மனிதத் தசையோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். கருவியைச் சரிபார்க்கத் தினமும் யாராவது ஒருவர் உள்ளங்கையைக் காட்டுவது அங்கே வழக்கம். தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று வரிசையாக எதிரொலி வந்தால் கருவி சரி. மூன்று வாரமாக அவள் கை காட்ட மறுக்கிறாள். மறுத்த முதல் நாளே காரணமும் சொன்னாள்.

"தோலுக்கு முன்னாடியே ஒரு எதிரொலி வருது சார். கைக்கு மேல ஏதோ இருக்கு."

"காத்து இருக்கும்மா. வேற என்ன, உன் மூளையா?"

தோலுக்கு முன்னால் வருவதையெல்லாம் இரைச்சல் என்று வெட்டியெறியும் வடிகட்டி ஒன்றை அன்றே கணினியில் போட்டுவிட்டார். அறிக்கைகள் பளிச்சென்று ஆயின. இப்போது அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் தயார். அவள் சொல்வது வெறும் இரைச்சல்தான் என்று காட்ட, அதோடு இணைக்க வடிகட்டி இல்லாமல் எடுத்த அவர் கையின் படம் ஒன்றுதான் பாக்கி. அவள் பார்க்கும்படியே எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

அவள் கதவைத் தாண்டி வரவில்லை. "வைக்காதீங்க சார். அன்னைக்கு என் கையை எடுக்கவே ரொம்ப நேரமாச்சு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பேசாம நின்னு பாரு."

வடிகட்டியை நிறுத்தினார். வலது கையைத் தட்டில் மல்லாத்தி வைத்தார். டிக்-டிக். டிக்-டிக். திரையில் படம் கோடு கோடாக, மேலிருந்து கீழாக இறங்கியது. முதலில் ஒரு தோல். பார்த்தாயா என்று திரும்பப் போனவர், அடுத்த கோட்டில் நின்றார். தோலுக்கு அடியிலேயே எலும்பு. உள்ளங்கையில் அப்படி வராது. புறங்கையில்தான் வரும். எலும்புக்கு அடியில் தசை. அப்புறம் கொழுப்பு. அப்புறம் மறுபடியும் ஒரு தோல்.

அதற்கும் கீழேதான் அவர் தோல் தொடங்கியது.

தட்டைப் பார்த்தார். அவர் கை மட்டும்தான். சுற்றிலும் வெறும் காற்று. கனம் இல்லை. லேசாக ஈரம். வியர்வையாக இருக்கும். திரையில் மேலே கிடந்த கைக்கு விரல்கள் முளைத்துக்கொண்டிருந்தன. நீளமான விரல்கள். அவர் கையின் ஓரங்களைச் சுற்றி மடங்கின.

பயம் வந்தது. அவள் எதிரில் வந்ததுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

இடது கையால் எட்டி வடிகட்டியைப் போட்டார். சட்டென்று திரை சுத்தமானது. ஒரே கை. அவர் கை.

"பாத்தியா? இரைச்சல்."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கையை எடுங்க சார்."

எடுத்தார்.

வரவில்லை.

இழுத்தார். தட்டுதான் கிறீச்சிட்டது.

டிக். டிக்.

பளிச்சென்ற படத்தில் தோல், கொழுப்பு, தசை, எலும்பு. எல்லாம் வரிசை தவறாமல். அந்தத் தோலின் ஓரத்தில் மட்டும் நான்கு பள்ளங்கள், பக்கத்துப் பக்கத்தில். எதிர் ஓரத்தில் ஒன்று. அடுத்த கோட்டில் அவை கொழுப்பைத் தாண்டின. அதற்கடுத்த கோட்டில் தசையை. அதற்கும் அடுத்த கோட்டில், நேராக இருந்த எலும்பு லேசாக வளைந்திருந்தது.