ஒன்பதாம் கட்டம்

கண்ணாடியில் மறுபடியும் பிசுக்கு படிந்திருந்தது.

காலையில்தான் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்திருந்தான். இருக்கை, தரை, பெல்ட், வெளிப்பக்கமாகக் குமிழ்போல் உப்பியிருக்கும் அந்த ஜன்னல், எதையும் விடவில்லை. மதியம் விமானம் கடலுக்கு மேல் வந்தபோது கண்ணாடியின் உட்புறம் வெளிர்மஞ்சளாக ஏதோ படர்ந்திருந்தது, ஆறிப்போன எலும்புச்சாற்றின்மேல் உறையும் கொழுப்பைப்போல. துணியால் வழித்தான். துணி மூக்கருகே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தேடல் விமானத்தில் அவனுக்கு ஒரே வேலைதான்: அந்தக் குமிழுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பது. படகு மூழ்கினால் ஆட்கள் ஏறிக்கொள்ளும் ரப்பர் தெப்பம் ரேடாரில் விழாது, கண்ணில்தான் விழ வேண்டும். அலைகளுக்கு நடுவே மிதந்த ஒரு வாளியை ஒருமுறை கண்டுபிடித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் கழுகு. மனைவியின் அண்ணனும் இந்த விமானத்தின் விமானியுமான மச்சான்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

கடலை வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்தின்மேல் பறந்து முடித்ததும் விமானி கேட்பார். ஜன்னலில் இருப்பவன் “சுத்தம்” என்பான். அந்தச் சொல் விழுந்தால் கட்டத்தின்மேல் குறுக்குக்கோடு விழும். அப்புறம் யாரும் அங்கே போகமாட்டார்கள்.

நேற்று ஒன்பதாம் கட்டத்தின்மேல் பறந்த பதினொரு நிமிடமும் கழுகின் தலை வாந்திப் பைக்குள் இருந்தது. முந்தைய நாள் மூக்குமுட்டக் குடித்தது. கருவிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. மச்சான் கேட்டபோது வாயைத் துடைத்துக்கொண்டு “சுத்தம்” என்றான். தரையிறங்கியதும், திரும்பி வரும் வழியில்தான் வாந்தி எடுத்ததாகச் சொல்லிவிட்டான்.

மூழ்கிய படகில் ஐந்து பேர். இன்று தேடலின் கடைசி நாள்.

“என்ன மாப்ளே, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?” ஹெட்போனில் மச்சான்.

“இல்ல மச்சான். ஏதோ நாறுது.”

“எல்லாம் நேத்து நீ பண்ண கைங்கரியம்தான்,” என்றார் ரேடார் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா. “பேரு கழுகு, வயிறு கோழிக்குஞ்சு வயிறு.”

இருவரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

ஆனால் அது வாந்தி நாற்றம் இல்லை. வாந்தியின் புளிப்பு அவனுக்குத் தெரியும். இதில் ஒரு தித்திப்பு இருந்தது. வெயிலில் நாலு நாள் கிடந்த ஈர ரப்பரின் வாடையும், அழுகிய மீன் செதிலின் வாடையும், அவற்றுக்கு அடியில், கழுவாத வாயைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு யாரோ மூச்சுவிடுவதைப் போன்ற ஒரு சூடும் சேர்ந்து, என்ஜினின் அதிர்வோடு அதிர்ந்து, பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. எச்சில் விழுங்கினால் அதையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்தது.

பதினாலாம் கட்டம். விமானம் ஏர் உழுவதுபோல வடக்கும் தெற்குமாகப் போய்ப்போய்த் திரும்பியது. தெற்கே போனபோது நாற்றம் அடங்கியது. வடக்கே திரும்பியதும் ஏறியது. முதல் தடவை தற்செயல் என்று நினைத்தான். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் வைத்தே, மச்சான் எங்கே திருப்புவார் என்று அவனால் சொல்ல முடிந்தது. வடக்கு ஓரம். அதைத் தாண்டினால் ஒன்பது.

“அக்கா, நிஜமாவே உங்களுக்கு நாறலையா?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா. நீ குளிச்சியா?”

குமிழின் மேற்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு அவன் சட்டைக் காலருக்குள் இறங்கியது. உடம்புச் சூட்டில் இருந்தது.

“பதினாலு என்னாச்சு மாப்ளே?” என்றார் மச்சான். “ஃப்யூல் இன்னும் ஒரு கட்டத்துக்குத்தான் வரும். நம்ம கணக்குல ஒண்ணும் பாக்கியில்ல. நீ ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்குத் திரும்பிடலாம்.”

உண்மையைச் சொன்னால் இந்த ஜன்னல் போகும். கழுகு போகும். மச்சான் முகத்தில் எப்படி முழிப்பது? வீட்டில் அவர் தங்கச்சி முகத்தில்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

அந்த ஐந்து பேரைத் தவிர.

வாயைத் திறந்தான். நாக்கில் பிசுக்கு. அண்ணத்தில் பிசுக்கு. துப்பினான். போகவில்லை.

“மச்சான், ஒன்பதுல நான் பாக்கல.”

“என்னடா சொல்ற?”

“வாந்தி எடுத்துட்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட பாக்கல.”

விமானம் வடக்கே சாய்ந்தது, கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு.

நாலு நிமிடம். ஐந்து. ஆரஞ்சு நிறம்.

தெப்பம். அதன் நடுவில் ஒருவன் நிமிர்ந்து நின்றான். கை ஆடியது.

“கை ஆட்டுறான்! உசுரோட இருக்கான்டா!” மச்சானின் குரல் உடைந்தது. ரேடார் அக்கா அழுதபடியே கைதட்டினார். கழுகுக்கும் கண் நிறைந்தது. தப்பித்தோம் என்று தோன்றியது. கீழே நிற்பவனை அவன் நினைக்கவில்லை. தன்னைத்தான்.

விமானம் தாழ்ந்து வட்டமிட்டது. தொலைநோக்கியை எடுத்தான்.

நாலு பேர் காலடியில். உப்பி. ஒருவர்மேல் ஒருவர். தோல் வெடித்து.

நின்றவனைத் துடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கையில், உதவிக்குச் சைகை காட்டும் புகைக்குழல், எரிந்து தீர்ந்து. நேற்று தலைக்கு மேலே விமானம் போனபோது எரித்ததாகத்தான் இருக்கும். சட்டை திறந்திருந்தது. சட்டைக்குள் நெஞ்சு இல்லை. அந்த இடத்தில் கடற்பறவைகள். தள்ளின. கொத்தின. அவை இழுக்க இழுக்க, மற்ற கை மேலே போய்க் கீழே வந்தது. வாய்க்குள்ளிருந்து ஓர் அலகு எட்டிப் பார்த்தது. உள்ளே போனது.

“எத்தனை பேர் மாப்ளே? சொல்லு!”

“பறவை,” என்றான். “பறவைதான் ஆட்டுது மச்சான்.”

விமானம் இரைந்துகொண்டு இன்னும் தாழ்ந்தது. மிரண்ட பறவைகள் மொத்தமாக எழுந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. காற்றில்லை. கடல் தட்டையாகக் கிடந்தது.

கை நிற்கவில்லை. விரல்கள் மடங்கின. நிமிர்ந்தன. மடங்கின. நேராக அவனைப் பார்த்து, வா, வா என்று.