ரோட்டில் ஒரு குழை

ஒன்னியின் குறிப்புப் புத்தகத்தில் ‘யானை’ என்ற சொல்லுக்கு நேராக ஒரு பூச்சியம் இருந்தது. ஒன்பது நாட்களாக அது பூச்சியமாகவே இருந்தது.

மற்ற எண்கள் ஏறிக்கொண்டே போயின. மயில் நாற்பத்தொன்று. உடும்பு ஆறு. ரோட்டில் படுத்திருந்த நாய் இருநூற்றுப் பன்னிரண்டு. ‘யானைகள் கவனம்’ என்று யானைப் படம் போட்ட மஞ்சள் பலகை பதினேழு.

“பலகையில பதினேழு யானை. காட்டுல ஒண்ணுகூட இல்ல,” என்றான் ஒன்னி.

யாரும் சிரிக்கவில்லை.

ஒன்னிக்குப் பதினொரு வயது. பின்லாந்திலிருந்து அம்மா காரினாவுடன் இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தான். வேன் ஓட்டியவர் ஜயதிஸ்ஸ. அவருக்குப் பக்கத்து இருக்கையில் அவருடைய மகள் விதுமி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்து வயது.

ஆகஸ்ட் விடுமுறை. சித்திக்குக் குழந்தை பிறந்ததால் விதுமியின் அம்மா குருநாகலுக்குப் போய்விட்டார். வீட்டில் யாரும் இல்லை. “மகளையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா?” என்று ஜயதிஸ்ஸ தயங்கித் தயங்கிக் கேட்டார். காரினா உடனே சரி என்றார். ஆனாலும் ஜயதிஸ்ஸ மகளுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

“இங்க பாரு மகள், வேன்ல நீ ஒரு பொதி. பொதி பேசாது. பொதி கேள்வி கேக்காது. விளங்குதா?”

“பொதிக்குப் பசிச்சா?”

“மீன் பனிஸ் வாங்கித் தாறேன்.”

பொதியாக இருப்பது விதுமிக்குக் கஷ்டமாக இல்லை. வகுப்பிலும் அவள் அப்படித்தான். விடை தெரியும். கைதான் மேலே போகாது.

இன்று கடைசி நாள். திருகோணமலையிலிருந்து நேராக விமான நிலையம். இரவு விமானம்.

நேற்று மின்னேரியா குளத்துக்குப் போயிருந்தார்கள். ஆகஸ்டில் அந்தக் குளம் வற்றும். வற்றிய இடத்தில் புல் முளைக்கும். புல்லைத் தேடி நூற்றுக்கணக்கில் யானைகள் வரும். அதைப் பார்க்கத்தான் ஒன்னி இரண்டு வருடமாக அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தத் தடவை காலம் தப்பி மழை பெய்து குளம் நிறைந்துவிட்டது. புல் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. ஒன்னி ‘கூழைக்கடா அறுபத்துமூன்று’ என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடினான்.

ராத்திரி அவன் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதானாம். காலையில் காரினா சொன்னார். அதிலிருந்து ஜயதிஸ்ஸ சரியாகப் பேசவில்லை.

“மழை பெய்ஞ்சதுக்கு நானா பொறுப்பு?” என்று கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திடம் கேட்டார். முகம் ஆமாம் என்பது போல இருந்தது.

கந்தளாய் தாண்டியதும் ஒரு லொறி பழுதாகி நின்றது. அதற்குப் பின்னால் ரோட்டில் பச்சைக் குழைகள் கிடந்தன. அப்போதுதான் ஒடித்த, இலை வாடாத கொப்புகள். ஜயதிஸ்ஸ உடனே வேகத்தைக் குறைத்து விலகிப் போனார்.

“அது என்ன?” என்று ஒன்னி கேட்டான்.

“வண்டி நிண்டுபோனா குழை போடுவோம். குழையக் கண்டா எந்த டிரைவரும் காலைத் தூக்கிடுவான். பலகைய மதிக்காதவன்கூட இதை மதிப்பான்.”

காடு தொடங்கும் இடத்தில் அவரே வேனை நிறுத்தினார். ரோட்டோரம் ஒரு மரம் நின்றது. அதன் தாழ்ந்த கிளையில் காய்ந்த குழைகளும் பச்சைக் குழைகளும் நிறையத் தொங்கின. ஜயதிஸ்ஸ ஒரு சிறு கொப்பை ஒடித்து அதில் செருகிக் கும்பிட்டார்.

“இதுவும் பழுதுக்கா?”

“இல்ல தம்பி. இது அய்யநாயக்க தெய்வத்துக்கு. காடு அவருடையது. யானையால ஆபத்து வரக்கூடாதுன்னு கேட்டுக்கிறது.”

ஒன்னியின் முகம் மாறியது. “ஆபத்து வரக்கூடாதுன்னா, யானையே வரக்கூடாதா?”

ஜயதிஸ்ஸ தலையைச் சொறிந்தார். பிறகு மறுபடியும் மரத்தடிக்குப் போய் இன்னொரு கொப்பை ஒடித்துச் செருகினார்.

“இது வரச் சொல்லி,” என்றார்.

விதுமிக்குச் சிரிப்பு வந்தது. பொதி சிரிக்கலாமா என்று தெரியாததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படித் திரும்பியதால்தான் அவள் கண்ணில் முதலில் பட்டது.

நாலரை மணி இருக்கும்; வேன் மறுபடியும் புறப்பட்டிருந்தது. நூறு அடி முன்னால், இடது பக்கத்துப் புதருக்குள் ஒரு சாம்பல் நிறப் பாறை. பாறைக்குக் காது இருந்தது. காது அசைந்தது.

“அப்பா, நிப்பாட்டுங்க!”

ஜயதிஸ்ஸ பிரேக்கை மிதித்தார். பொதி பேசியதை அவர் கவனிக்கவே இல்லை. மெதுவாக வேனைப் பின்னுக்கு எடுத்தார். அது கண்ணில் படும் தூரத்தில் ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார்.

ஒன்று இல்லை. புதருக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றது. முதுகுகளும் நெற்றிகளும் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிந்தன. பெரிய ஒரு யானை ரோட்டோரம் வரை வந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி.

“அம்மா,” என்றான் ஒன்னி. முகத்தைக் கண்ணாடியில் அழுத்தினான்.

பெரிய யானை தாரில் ஒரு காலை வைத்தது. அப்போது எதிரிலிருந்து ஒரு லொறி அலறிக்கொண்டு வந்தது. யானை காலை எடுத்துக்கொண்டது. குட்டி மட்டும் தாயை விட்டு ரோட்டுக்கு ஓடிவந்தது. துதிக்கை ஒன்று பாய்ந்து அதைப் பின்னால் இழுத்தது. லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது.

யானைகள் இரண்டாவது தடவை வந்தன. ஒரு பஸ். மூன்றாவது தடவை ஒரு வேனும் அதை முந்திய காரும். குட்டியின் முன்னங்கால் இரண்டும் தாரில் இருந்தபோது கார் வளைந்து நெளிந்து போனது. காரினா கண்களை மூடிக்கொண்டார்.

“எங்க போகப் பாக்குது?” என்று ஒன்னி கிசுகிசுத்தான்.

“அந்தப் பக்கம் ஒரு சின்னக் குளம் இருக்கு,” என்றார் ஜயதிஸ்ஸ. “தண்ணி குடிக்க. ஆனா இந்த நேரத்துல பஸ்காரங்க பறப்பாங்க. அந்தக் குட்டி இன்னொரு தடவ பாய்ஞ்சா...”

யானைகளுக்கு நேர் எதிரே ஒரு மஞ்சள் பலகை நின்றது. பதினெட்டாவது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

விதுமி பலகையைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். அரை நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தது. கூட்டம் முழுவதும் கடக்க ஐந்து நிமிடமாவது வேண்டும்.

“அப்பா, குழை போடுவோம்.”

“எதுக்கு? நம்ம வண்டி பழுதாகல்லையே.”

“வண்டிக்கு இல்ல. அவங்களுக்கு.”

“விளையாடாத மகள். பழுதில்லாம குழை போட்டா அது பொய். நாளைக்கு உண்மையா ஒருத்தன் நிண்டுபோனா யாரும் நம்பமாட்டான்.”

விதுமி கொஞ்சம் யோசித்தாள்.

“ரோட்டுல யாரோ போக ஏலாம நிக்கிறாங்கன்னுதானே அப்பா குழைக்கு அர்த்தம்? அவங்க போக ஏலாமத்தானே நிக்கிறாங்க.”

ஜயதிஸ்ஸ மகளைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, எதிர்ப் பக்கமாக வந்துகொண்டிருந்த இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டார்.

“லயனல் மச்சான், நீ இப்ப எங்க வாற? ஹபரணை தாண்டியாச்சா? நல்லது. பதினெட்டாம் மைல்கட்டைப் பாலத்துல நிண்டு குழை போடு. உன் வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்டா. போடு, பிறகு சொல்றேன்.”

அவர் விதுமியிடம் திரும்பினார். “நம்ம பக்கம் நீ போடு. வேனுக்குப் பின்னால மட்டும். ஒரு அடிகூட முன்னால வைக்கக் கூடாது.”

விதுமி இறங்கினாள். ஒன்னியும் இறங்கினான். ஜயதிஸ்ஸ யானைகளைப் பார்த்தபடி அவற்றுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டார். இருவரும் கொப்புகளை ஒடித்து, நாற்பது அடி பின்னால் போய் ரோட்டில் குவித்தார்கள். ஒன்னிக்குக் கொப்பு ஒடிக்கத் தெரியவில்லை. வளைத்து வளைத்துப் பார்த்தான். விதுமி முறுக்கி இழுத்துக் காட்டினாள்.

ஒரு பஸ் வந்தது. தூரத்திலிருந்தே அது உறுமிய உறுமலில் விதுமி ஒன்னியை ரோட்டோரத்துக்கு இழுத்தாள். ஆனால் குழையைக் கண்டதும் உறுமல் தணிந்தது. பஸ் வந்து நின்றது.

கண்டக்டர் கதவில் தொங்கியபடி கேட்டார். “என்ன தங்கச்சி, டயரா?”

விதுமிக்குக் குரல் வரவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

கண்டக்டர் அந்தப் பக்கம் பார்த்தார். அவர் வாய் திறந்தது, மூடவில்லை. பிறகு பஸ்ஸின் பக்கத்தில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். சாரதி இயந்திரத்தை அணைத்தார். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

பின்னால் இரண்டு கார்கள் நின்றன. ஒரு டிராக்டர் நின்றது. ஒவ்வொரு இயந்திரமாக அணைந்தது.

அப்போது ஒரு பாட்டு கேட்டது. டிங் டிங் டிங் என்று சந்தோஷமாக வந்தது. பேக்கரிப் பாண் விற்கும் முச்சக்கர வண்டி! கூரையில் ஒலிபெருக்கி. கண்ணாடிப் பெட்டிக்குள் சுடச்சுடப் பாணும் பனிசும். எல்லா வண்டிகளையும் தாண்டி அது முன்னால் வந்துகொண்டிருந்தது.

பெரிய யானையின் காது விரிந்தது.

விதுமி ஓடினாள். இந்தத் தடவை அவளுக்குக் குரல் வந்தது.

“மாமா, பாட்ட நிப்பாட்டுங்க!”

“பாட்டில்லாம பாண் எப்படிப் பிள்ள விக்கிறது?”

“அங்க நிக்கிறவங்க வாங்க மாட்டாங்க மாமா. பறிச்சுடுவாங்க!”

பாண்காரர் எட்டிப் பார்த்தார். பாட்டு நின்றது. பாண்காரரும் இருக்கைக்குக் கீழே மறைந்துவிட்டார்.

“எல்லாரும் உள்ள ஏறுங்க,” என்றார் ஜயதிஸ்ஸ மெதுவாக.

வேனுக்குள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு வண்டியும் வரவில்லை. வண்டிச் சத்தமே இல்லாத ரோட்டை விதுமி பிறந்ததிலிருந்து கண்டதில்லை. இப்போது இலை உரசுவது கேட்டது. எங்கோ ஒரு மரங்கொத்தி கொத்தியது.

பெரிய யானை வெளியே வந்தது.

தாரில் காலை வைத்தது. துதிக்கையை உயர்த்திக் காற்றைத் தடவியது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. காதில் விழுவதற்கு முன்பே அது நெஞ்சுக்குள் அதிர்ந்தது. வேனின் கண்ணாடி லேசாக நடுங்கியது. ஒன்னி தன் நெஞ்சில் கை வைத்தான். விதுமியும் வைத்தாள்.

காடு நடக்கத் தொடங்கியது.

ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவ்வளவு பெரிய கால்கள் தாரில் பட்டும் காலடி ஓசையே இல்லை. மேகம் தரையில் இறங்கி நடந்தால் அப்படித்தான் இருக்கும். சுருங்கிய தோலில் காய்ந்த சேறு. காதோரம் ரோஜா நிறப் புள்ளிகள். வால் நுனியில் கம்பி போல மயிர். சாய்ந்த வெயில் அவற்றின் முதுகில் பட்டு ஒவ்வொரு மயிரும் பொன்னாகத் தெரிந்தது.

குட்டி நடு ரோட்டில் நின்றது. வெள்ளைக் கோட்டைத் துதிக்கையால் தொட்டுப் பார்த்தது. அது எடுக்க வரவில்லை. மறுபடியும் முயன்றது. பின்னால் வந்த யானை நெற்றியால் அதைத் தள்ளிக்கொண்டு போனது.

காரினாவின் கமெரா மடியிலேயே கிடந்தது.

கடைசியாக ஓர் இளம் ஆண் யானை வந்தது. அது கடக்கவில்லை. திரும்பி வேனை நோக்கி நடந்து வந்தது.

“யாரும் அசையக் கூடாது,” என்றார் ஜயதிஸ்ஸ உதடு அசையாமல்.

விதுமியின் ஜன்னலை ஒட்டி அது போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கண். தேன் நிறம். நீண்ட இமை மயிர். அந்தக் கண்ணுக்குள் ஒரு சின்ன வேனும் அதற்குள் ஒரு சின்ன விதுமியும் இருந்தார்கள்.

யானை குழைக் குவியலுக்குப் போனது. ஒரு கொப்பை எடுத்தது. முழங்காலில் தட்டி மண்ணை உதிர்த்தது. தின்றது. இன்னொன்று. இன்னொன்று. பாண் வண்டியின் இருக்கைக்குக் கீழே யாரோ எல்லாத் தெய்வங்களையும் வரிசையாகக் கூப்பிடுவது கேட்டது. ரோடு சுத்தமானதும் யானை கடைசிக் கொப்பை வாயில் வைத்துக்கொண்டு ஆடி ஆடிக் காட்டுக்குள் போய் மறைந்தது.

நெடுநேரம் ஒருவரும் இயந்திரத்தைக் கிளப்பவில்லை.

கைபேசி அடித்தது. லயனல். “மச்சான், இங்க பதினொரு வண்டி நிக்குது. எல்லாரும் என்ன பழுதுன்னு கேக்கிறான். என்ன சொல்லட்டும்?”

“திருத்தியாச்சுன்னு சொல்லு,” என்றார் ஜயதிஸ்ஸ. “குழைய மறக்காம எடுத்துடு. நம்ம பக்கம் எடுக்கிற வேலைய யானையே முடிச்சிட்டுது.”

பஸ் மெல்லக் கடந்தபோது கண்டக்டர் விதுமிக்குக் கை காட்டினார். பாண்காரர் ஒரு மீன் பனிசைக் கடதாசியில் சுற்றி ஜன்னல் வழியாக நீட்டினார்.

“பிடி பிள்ள. உயிரோட இருக்கிற சந்தோசத்துக்கு.”

விதுமி அதை இரண்டாகப் பிய்த்து ஒன்னிக்குப் பாதி கொடுத்தாள்.

ஒன்னி புத்தகத்தைத் திறந்தான். பென்சிலைக் கடித்தான். “எத்தனை?”

“பன்னிரண்டு இருக்கும்,” என்றார் ஜயதிஸ்ஸ.

“இருபது,” என்றார் காரினா.

ஒன்னி விதுமியைப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஒன்னி பூச்சியத்தை நன்றாக அழித்தான். காகிதத்தை ஊதினான். பிறகு அந்த இடத்தில் எழுதினான்: எண்ண மறந்துவிட்டோம்.