அத்தையின் பிஸ்கட் டப்பா

மூடியை அழுத்தி மூடிய பிறகும், தகரத்தை நகத்தால் சுரண்டும் சத்தம் ஒரு மூச்சு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் இருட்டில் தன் விரல்களைப் பார்த்தான். அவை சும்மாதான் இருந்தன. லிஃப்ட் மெக்கானிக் அவன். எந்த மாடியில் எந்தச் சக்கரம் தேய்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவான். கம்பெனி கைகழுவிய பிறகு அந்தக் காது ஒன்றுதான் மிச்சம். வயிறுதான் கத்துகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவனுக்குப் பறந்துபோக மிச்சமிருந்தது கொஞ்சம் மானம்தான். ஃப்ரிட்ஜில் பாதி வெங்காயம், தண்ணீர் பாட்டில், வேறொன்றுமில்லை. அரிசி இருந்தது, ஆனால் பாத்திரம் உருண்டால் அத்தை விழித்துக்கொள்வார். "நம்ம சாப்பாட்டுராமன் அடுக்களையில இருக்காரு போல" என்று அறையிலிருந்தே குரல் வரும். மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்கிறவனுக்குப் பசியே வரக்கூடாது.

மனைவி நர்ஸ். நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"காலைல சாமான் வாங்கிட்டு வர்றேன். அம்மா டப்பாவுல மட்டும் கை வெச்சிடாதீங்க. ராத்திரி சர்க்கரை இறங்கிடுச்சுன்னா அவங்களுக்கு அந்த பிஸ்கட்தான் மருந்து. வீட்ல வேற இனிப்பே கிடையாது."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

ஒன்றுதானே என்றுதான் ஆரம்பித்தான். ஒன்று குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார், மொத்தமும் இல்லாவிட்டால் தானே தின்று தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வார் என்று தோன்றியது. பசிக்கு எப்போதும் ஒரு வக்கீல் கிடைத்துவிடுகிறான். நமுத்துப்போன பிஸ்கட். ருசிகூட இல்லை. கடைசித் துணுக்கை நகத்தால் சுரண்டி நக்கியபோது, சீ, இதற்கா என்று இருந்தது.

படுக்கைக்குப் போய்ப் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டான். மின்விசிறி கரகரவென்று சுற்றியது. எங்கோ குழாய் சொட்டியது. உதட்டு ஓரத்தில் ஒட்டியிருந்த தூளைத் துடைக்க மனமில்லாமல் நாக்கு அதைத் தானாகவே தேடிப் போனது. அப்போதுதான் அடுத்த அறைக் கதவு திறந்தது. சுவரைத் தடவிக்கொண்டே ஒரு கை, தரையை இழுத்துக்கொண்டே செருப்பு, அடுக்களைப் பக்கம் போயின. டப்பா மூடி திறந்தது.

பிறகு சுரண்டல். வெறும் தகரத்தில் நகம்.

"மாப்பிள்ளை..." குரல் குழறியது. "முழிச்சிருக்கீங்களா? கை ரொம்ப நடுங்குது. டப்பாவுல ஒண்ணையும் காணோமே..."

எழுந்திருக்க வேண்டும். எதிர்வீட்டைத் தட்டினால் ஒரு பிடி சர்க்கரை தரமாட்டார்களா? தருவார்கள். பிஸ்கட் எங்கே போனது என்றும் கேட்பார்கள். விடிந்தால் மனைவிக்குத் தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான். கூச்சத்தில் காது மடல்வரை எரிந்தது. தூங்குகிறவன் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டான், அவருக்குக் கேட்கட்டும் என்று.

"மாப்பிள்ளை..."

ஏதோ சரிந்தது. கனமாக.

அமைதி. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அப்படி இருந்ததே, அதை நினைத்து அப்புறம் கூசிப்போனான்.

ஜன்னல் வெளுக்கிற நேரத்தில் மறுபடி சுரண்டல்.

உயிரோடுதான் இருக்கிறார்! போர்வையை உதறிவிட்டு ஓடி விளக்கைப் போட்டான்.

அத்தை அலமாரிக்குக் கீழே சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வலது கை மணிக்கட்டுவரை டப்பாவுக்குள். தொட்டான். தரையைப் போலச் சில்லென்றிருந்தது. விரல்கள் அசையவில்லை.

சுரண்டல் நிற்கவில்லை.

டப்பாவில் காதை வைத்தான். இல்லை. சுவரில் வைத்தான். இல்லை. குனிந்தான். சத்தமும் குனிந்தது. மூச்சைப் பிடித்தான். தெளிவாகக் கேட்டது.

அவன் வயிற்றுக்குள்.

மெதுவாக. பொறுமையாக. மூலை மூலையாக. ஒன்றையும் காணாத விரல்கள் தேடுவதுபோல.

சட்டையைத் தூக்கினான். தொப்புளுக்கு மேலே தோல் புடைத்தது. ஐந்து புடைப்புகள். அமுங்கின. இன்னும் மேலே புடைத்தன. நெஞ்சு. தொண்டைக்குழி.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. பையில் சாமான்கள் உரசின.

"என்னங்க, லைட் எரியுது? அம்மா எழுந்திருச்சாங்களா? பிஸ்கட் சாப்பிட்டாங்களா?"

சொல்லிவிட வேண்டும். இப்போதாவது. அவன் வாயைத் திறந்தான்.

அடிநாக்கில், உள்ளேயிருந்து, குளிர்ந்த நகமொன்று தட்டுப்பட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பற்களின் பின்புறத்தை அது சுரண்டத் தொடங்கியது, கடைசித் துணுக்குக்காக.