காணாமல் போன டிக்கெட்டும் நாற்பத்தைந்து கிலோவும்

காலை மணி 9.10.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் ஹஃபீஸா தன் நெட் சென்டர் ஷட்டரை முக்கால்வாசிதான் தூக்கியிருந்தாள். அந்த இடைவெளியில் முதலில் ஒரு பெரிய மீசை நுழைந்தது. பின்னாலேயே அதன் சொந்தக்காரர் உக்கிரபாண்டியும் நுழைந்தார்.

"போச்சு தாயி. பிளேன் டிக்கெட் போச்சு!"

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து, பனிமலையில் துப்பாக்கியோடு காவல் நின்ற மனிதர். ஒரு தாளைக் காணவில்லை என்று இப்படி வெலவெலத்து நிற்பதைப் பார்த்ததும் ஹஃபீஸாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உக்காருங்கண்ணே. போனது காகிதம். டிக்கெட் மெயில்ல பத்திரமா இருக்கு. நாளைக்கு மதுரை ஏர்போர்ட் வாசல்ல ஆதாரையும் இதையும் காட்டினா உள்ள விட்ருவாங்க. நூறு தாள் தொலைஞ்சாலும் நூத்தியொண்ணாவதை நான் எடுத்துத் தாரேன்."

மெயில் என்றால் ஹஃபீஸாவின் கடை மெயில். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் மெயில் முகவரி. மீதிப் பேர் தங்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவளிடமே வந்து நிற்பார்கள். பரீட்சை முடிவு, பாஸ்போர்ட், வேலை உத்தரவு, பெண் வீட்டார் அனுப்பிய ஜாதகம் எல்லாம் அவள் கம்ப்யூட்டரில்தான் வந்து விழும். அவளுக்குத் தெரியாத சங்கதி அந்தத் தெருவில் குறைவு. அவள் வாயிலிருந்து வெளியே போன சங்கதி ஒன்றுகூட இல்லை. கடை ஓடுவதே அந்த நம்பிக்கையில்தான்.

உக்கிரபாண்டியிடம் இருந்தது பட்டன் போன். அதனால் ஹைதராபாத்தில் இருக்கும் அவர் மகள் மாரிக்கனி டிக்கெட்டையும் கடை மெயிலுக்கே அனுப்பியிருந்தாள். ஹஃபீஸா அதைத் திறந்து மறுபடியும் ஒரு பிரிண்ட் எடுத்தாள். அடியில் வழக்கம்போல ரப்பர் ஸ்டாம்பை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். கடைப் பெயரும் போன் நம்பரும் நீல மையில் பதிந்தன.

உக்கிரபாண்டி தாளை வாங்கினார். முகம் மட்டும் தெளியவில்லை. ஹஃபீஸா அதைக் கவனித்தாள். டிக்கெட்டைத் தொலைத்தவர் டிக்கெட் கிடைத்தால் சிரிக்க வேண்டும். இவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, தாள் போச்சேன்னு உங்களுக்குப் பயமில்ல. அதை யாரு படிச்சிருப்பான்னுதானே பயம்?"

அவர் கடை வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீதானே பிரிண்ட் போட்டே, ஒனக்குத் தெரியாததா? அந்த மூணாவது பேரு தாயி."

டிக்கெட்டில் மூன்று பேர் இருந்தார்கள். உக்கிரபாண்டி. அவர் மனைவி கருத்தம்மா. மூன்றாவதாக மாரீஸ்வரி.

மாரீஸ்வரி கருத்தம்மாவின் கூடப்பிறந்த தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மாரிக்கனிக்கு ஓட்டம் பழக்கியதும், விமானப்படை அதிகாரி வேலைக்கு அக்காவைக் கேட்காமல் விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். 'என் ஒத்தப் பிள்ளையைப் பட்டாளத்துக்குத் தள்ளிட்டியே' என்று கருத்தம்மா கத்திய கத்தலோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஆகிறது. இப்போது மாரிக்கனி பயிற்சி முடித்து அதிகாரி ஆகப் போகிறாள். மறுநாள் காலையில் விமானம், அதற்கு அடுத்த நாள் அணிவகுப்பு. அது முடிந்ததும் பெற்றவர்கள் பிள்ளையின் தோளில் பதவிப் பட்டையை மாட்டிவிட வேண்டும்.

"வலது தோளுக்கு அம்மா, எடது தோளுக்குச் சித்தி. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் எனக்குச் சந்தோசம்னு அழுதா தாயி" என்றார் உக்கிரபாண்டி. "கருத்தம்மா அந்தப் பேரைப் பாத்தான்னா கார்லயே ஏற மாட்டா. தங்கச்சிக்காரி அதுக்கும் மேல. எங்கக்கா வாயால கூப்பிடாம நான் வரமாட்டேன்னுட்டா. நாளைக்குப் போற வழியில வில்லிபுத்தூர்ல வண்டிய நிறுத்தி, கையில கால்ல விழுந்தாவது ஏத்திருவோம்னு இருந்தேன்."

"தாளை எங்க வச்சீங்க?"

"பூஜை அலமாரியில. கருப்பசாமி படத்துக்குப் பின்னால. நாலா மடிச்சு."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"காலையில ஏழு மணிக்கு. பொறவு சவரம் பண்ணப் போனேன். எட்டே முக்காலுக்கு வந்து பாத்தா இல்ல."

"மதினி எங்க?"

"கம்பெனிக்கு லீவு சொல்லப் போறேன்னு ஏழரைக்கே கிளம்பிட்டா." கருத்தம்மா பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். "பையெல்லாம் டிக்கியில அடங்குமான்னு பாக்க டிரைவர் சோலைச்சாமி எட்டு மணிக்கு வாரேன்னான். சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கும். அது அவனுக்குத் தெரியும்."

"பையெல்லாம் கட்டியாச்சா?"

"ரெண்டு பை. ஆளுக்குப் பதினஞ்சு கிலோ, ரெண்டு பேருக்கும் சேத்து முப்பதுதான்னு அவகிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன்." எழுந்தவர் தயங்கினார். "கோவிச்சுக்கிடாத தாயி. அந்தப் பேரு தெரிஞ்சது எனக்கும் ஒனக்கும்தான். நீ யாருகிட்டயும் வாய் தவறி..."

ஹஃபீஸாவுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷக் கடை. ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

"நடங்கண்ணே. வீட்டைப் பாக்கணும்."

காலை மணி 10.20.

வாசலில் சோலைச்சாமியின் கார் டிக்கியைத் திறந்துகொண்டு நின்றது. அவன் தலையைச் சொறிந்தபடி நின்றான். வீட்டுக்குள் கருத்தம்மா ஒரு பையின் வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நல்ல சுங்குடிச் சேலை. தலை நிறைய மல்லிகை.

"வா ஹஃபீஸா! கடையப் பூட்டிட்டா வந்தே? நாங்க நாளைக்குத்தானே போறோம்."

"வழியனுப்ப முன்கூட்டியே வந்தேன் மதினி. கம்பெனில லீவு குடுத்துட்டாங்களா?"

"குடுத்தாங்க."

"நேரா அங்கருந்துதான் வாரீங்களா?"

"ஆமா. பொறவு எங்க போவேன்?"

சோலைச்சாமி வாசலிலிருந்தே முனகினான். "யக்கா, அண்ணன் ரெண்டு பைன்னு சொன்னாவ. டிக்கில பாதிய வண்டி ஓடுற கேஸ் சிலிண்டர் அடைச்சிருக்குக்கா. மூணாவதை எங்க வைக்க?"

"ஒன் மடியில வச்சுக்க. நாப்பத்தஞ்சு கிலோ இருக்குல்ல? அதை எதுக்கு விடணும்? பிள்ளை கூட எம்புட்டுப் பிள்ளைக இருக்கும்! முறுக்கு, கருப்பட்டி மிட்டாய், மாவடு எல்லாம் வேண்டாமா?"

உக்கிரபாண்டியின் காதில் இது எதுவும் ஏறவில்லை. அவர் சோலைச்சாமியின் சட்டைப் பையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஹஃபீஸா பூஜை அலமாரியைப் பார்த்தாள். கருப்பசாமி முன்னால் திருநீறு இருந்தது. ஓரத்துப் பலகையில் குழைத்த மஞ்சளில் ஒரு விரல் தடம் காய்ந்திருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனாள். மேடையில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று கிடந்தது. அதில் ஒரு வெற்றிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

மணி 10.50. ஹஃபீஸாவின் போனில் புது நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது.

'வணக்கம். மாரீஸ்வரி டீச்சர் பேசுறேன். நாளைக்கு ஃப்ளைட்டுக்கு எனக்கும் செக்-இன் போட்டு விடுங்க.' கீழே டிக்கெட்டின் பி.என்.ஆர். எண், ஆறு எழுத்தும் பிசகில்லாமல்.

அவள் உக்கிரபாண்டியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய்ச் செய்தியைக் காட்டினாள். அவர் மீசை துடித்தது.

"வாராளா? அக்கா கூப்பிடாம வரமாட்டேன்னாளே! இந்த நம்பரு அவளுக்கு எப்படிக் கெடச்சது?"

"மாரிக்கனி சொல்லியிருக்குமோ?"

"பயிற்சியில இருக்கா. ரெண்டு நாளா போனே இல்ல."

"சரி. பி.என்.ஆர். யார் சொல்லியும் தெரிஞ்சிருக்கலாம். என் கடை நம்பர் எப்படித் தெரியும்? டீச்சரம்மா என் கடைக்கு வந்ததே இல்ல. மெயில்ல என் போன் நம்பர் கிடையாது. நான் ஸ்டாம்ப் குத்தின தாள்ல மட்டும்தான் உண்டு. காணாமப் போன தாள் இப்ப வில்லிபுத்தூர்ல இருக்கு அண்ணே."

உக்கிரபாண்டி ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்ச் சோலைச்சாமியின் காலரைப் பிடித்தார். "ஏலே, காலையில எங்க போனே?"

"கிருஷ்ணன்கோவிலுக்கு. சவாரிண்ணே!"

"வில்லிபுத்தூரைத் தாண்டித்தானே போகணும்? குடுத்துட்டு வந்துட்டியா?"

"எதைக் குடுத்தேன்? அய்யோ, சட்டையை விடுங்க, புதுசு!"

"விடுங்கண்ணே, அவரு இல்ல" என்றாள் ஹஃபீஸா. பிறகு கருத்தம்மாவின் பக்கம் திரும்பினாள். "மதினி, நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கருத்தம்மா கயிற்று முடிச்சிலிருந்து தலையை எடுக்கவில்லை. உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நீயே சொல்லு. எம்புட்டுக் கண்டுபிடிச்சிருக்கேன்னு பாப்போம்."

"பேண்டேஜ் துணி பேக்கிங்ல தலைக்குத் தொப்பி போட்டுத்தான் உள்ள விடுவாங்க. பூ வச்சுக்கிட்டு வாசலைத் தாண்ட முடியாது. லீவு சொல்லப் போற ஆளு சுங்குடிச் சேலையும் இம்புட்டு மல்லிகையுமா போவாங்களா? நீங்க போனது ஒரு நல்ல காரியத்துக்கு. திருடுறவன் தாளைத் தூக்கிட்டு ஓடுவான், மஞ்சளைக் குழைச்சுக்கிட்டு நிக்க மாட்டான். அலமாரில குழைச்ச மஞ்சள் தடம் இருக்கு. அடுப்படில வெத்தலை ஒட்டின தாம்பாளம் இருக்கு. தாளோட நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, தாம்பாளத்துல வச்சு, பத்திரிகை வைக்கிற மாதிரி கொண்டு போயிருக்கீங்க."

"எல்லாம் ஊகம்" என்றாள் கருத்தம்மா. "நான் அந்தத் தாளைப் படிச்சதுக்கு என்ன சாட்சி?"

"நாப்பத்தஞ்சு கிலோ."

கருத்தம்மாவின் கை கயிற்றிலேயே நின்றது.

"அண்ணன் உங்ககிட்டச் சொன்னது முப்பது. ஆளுக்குப் பதினஞ்சுன்னா நாப்பத்தஞ்சு மூணு பேருக்கு. அந்தக் கணக்கு டிக்கெட்ல மட்டும்தான் இருக்கு. மூணாவது பேரைப் படிக்காம மூணாவது பை எப்படி வந்துச்சு மதினி?"

உக்கிரபாண்டி அப்போதுதான் பைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மெதுவாகச் சோலைச்சாமியின் காலரை விட்டார்.

கருத்தம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் அவளுக்குச் சேர்ந்தே வந்தன.

"நேத்துச் சாயங்காலமே படிச்சிட்டேன். பெட்டி மேல ஒட்டுற இங்கிலீஷைப் படிச்சுத்தானே பதினாறு வருசமா சாப்புடுறேன். முதல்ல ஆத்திரமாத்தான் வந்துச்சு. கிழிச்சுப் போட்டிருப்பேன். ஆனா எம் பேருக்கு நேர் கீழ அவ பேரு. ரெண்டும் சேந்து அச்சுல வந்து எம்புட்டு நாளாச்சு! பாக்கப் பாக்கக் கிழிக்க மனசு வரல. அவ அன்னைக்கு ஃபாரத்தைப் போடலேன்னா எம்பிள்ளை இன்னைக்கு அதிகாரி ஆவாளா? தப்பு எம் மேலதான். அவள வாயாலதான் கூப்பிடணும், வெறுங்கையோட போகக் கூடாது. எங்கிட்ட வேற என்ன பத்திரிகை இருக்கு? எம்பிள்ளை அடிச்சு அனுப்பினது அந்த ஒண்ணுதானே."

"டீச்சரம்மா என்ன சொன்னாங்க?" சோலைச்சாமி கசங்கின காலரை மறந்து உள்ளே வந்துவிட்டான்.

"மைதானத்துல பிள்ளைகள ஓட விட்டுக்கிட்டு நின்னா. என்னையப் பாத்ததும் விசில் வாயிலருந்து விழுந்துருச்சு. தாம்பாளத்த நீட்டினேன். தாளையும் வெத்தலையையும் எடுத்துக்கிட்டா. விசில எடுத்து ஊதி, பிள்ளைகள இன்னும் ரெண்டு சுத்து ஓடச் சொல்லிட்டு, வேப்ப மரத்துக்குப் பின்னால போய் அழுதா. நானும் கூடப் போய் அழுதேன். பொறவு, எனக்குத் தோள்பை ஒண்ணு போதும், என் எடையையும் நீயே எடுத்துக்க அக்கான்னா."

உக்கிரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே கோபமும் வந்தது. "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? காலையிலருந்து உசிரு போயி உசிரு வந்துச்சு!"

"அப்பனும் மகளும் எனக்குத் தெரியாமத் திட்டம் போட்டீங்கள்ல? செத்த நேரம் நீங்களும் முழிங்கன்னு விட்டேன்."

உக்கிரபாண்டி ஹஃபீஸாவைப் பார்த்தார். "ஒன்னைச் சந்தேகப்பட்டுட்டேனே தாயி. மன்னிச்சிரு."

"முறுக்குல ஒரு பொட்டலம் எனக்கு வச்சிட்டுப் போங்க, சரியாப் போயிரும்." ஹஃபீஸா போனில் செக்-இன் பக்கத்தைத் திறந்தாள். மூன்று பேருக்கும் இருக்கை ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டாள். "மாரிக்கனி கெட்டிக்காரி. ஜன்னலோரம் மதினி. நடைபாதை ஓரம் டீச்சரம்மா. நடுவுல அண்ணன். சண்டை வந்தா மறிக்க ஆள் போட்டு வச்சிருக்கு."

கருத்தம்மா எட்டிப் பார்த்தாள். "இதை மாத்த முடியுமா?"

"முடியும். பின்னால நிறைய இடம் காலியா இருக்கு."

"அப்ப அவியளைத் தூக்கிக் கடைசி வரிசையில போடு."

"ஏன்? நான் என்ன செஞ்சேன்?" என்றார் உக்கிரபாண்டி.

"நீங்க ஒண்ணும் செய்யல. மூணு வருசப் பேச்சு பாக்கி கெடக்கு. ஹைதராபாத் எறங்குறதுக்குள்ள முடிக்கணும்" என்றாள் கருத்தம்மா.

ஹஃபீஸா உக்கிரபாண்டியை இருபத்தொன்பதாம் வரிசைக்கு மாற்றி, தங்கையை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.