ஒரு கிள்ளு கொழுப்பு

பாத்ரூமுக்குப் போகிற எறும்பு வரிசை அன்று சாயங்காலம் அங்கே போகவில்லை. முற்றத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி, சிவசங்கரி உட்கார்ந்து களிமண் பொம்மை தேய்க்கிற அறைக்குள் நுழைந்தது.

அம்சவல்லி பினாயில் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள். பல மாதமாக இதுதான் அவள் பிழைப்பு. ஓரகத்தி சிவசங்கரி பாத்ரூம் போய் வந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவாள், பினாயில் தெளிப்பாள். சிறுநீரில் எறும்பு மொய்த்தால் என்ன வியாதி என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவள் பினாயிலில் மறைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்த முகாமில் வந்த வினை. மூன்று வருடம் ஆகிறது. அவர்கள் இருவரும் வேலை பார்த்த செராமிக் ஷெட்டுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசியால் ஒரு கிள்ளு கொழுப்பு எடுத்தார்கள். மறைப்புக்குக் குறுக்கே கட்டியிருந்தது ஒரே ஒரு வேட்டி. அம்சவல்லியின் வயிற்றை வைத்து ஷெட்டுப் பெண்கள் செய்கிற கேலி கொஞ்சநஞ்சமில்லை. அந்த வயிற்றைத் திறந்து காட்டுவதா? பெயரைக் கூப்பிட்டதும் உடம்பெல்லாம் கூசிப்போய், தன் பெயர் எழுதிய சீட்டைச் சிவசங்கரி கையில் திணித்தாள். அவளோ ஒல்லிக்குச்சி. "ஒனக்காக நான் கிள்ளு வாங்கிக்கிறேங்க்கா" என்று சிரித்துக்கொண்டே அம்சவல்லியாகப் போய்ப் படுத்தாள்.

பிறகு ஒருநாள் அம்சவல்லியின் போனில் முகாமுக்கு வந்த டாக்டரம்மா பேசினார்.

"கொழுப்பு சும்மா கெடக்குற சதை இல்லம்மா. அதுக்குள்ள மரபணுங்க வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். உங்களுதுல, சர்க்கரையை உள்ள வாங்க வேண்டிய மரபணுங்க பாதி தூங்கிடுச்சு. சுகர் வர வாய்ப்பு அதிகம். சீக்கிரம் டெஸ்டுக்கு வாங்க."

சரிங்க என்று போனை வைத்தாள். ஊசி போல இருக்கிற சிவசங்கரிக்குக் கொழுப்பில் கோளாறாம், சொன்னால் சிரிக்கமாட்டார்களா? ஆள் மாறிய கதை வெளியே வந்தால், ஏன் மாறினாய் என்று கேட்பார்களே. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பேச்சு வாய்வரை வந்து வந்து திரும்பியது. சிவசங்கரி இன்னும் இளைத்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். எறும்பு வந்தது. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பது இன்னும் பெரிய அசிங்கம். சீ, நானும் ஒரு பொம்பளையா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்வாள். துப்பிவிட்டுப் பினாயிலை எடுப்பாள்.

கரண்ட் போயிற்று. தெருக்கோடியில் மண் அரைக்கிற மெஷின் முனகி முனகி ஓய்ந்ததும், ஈர ஸ்பாஞ்சு சுடாத பொம்மைகளின் பிசிறைத் தேய்க்கிற சரக் சரக் என்ற சத்தம் மட்டும், நனைந்த களிமண் வாசனையோடும் அதற்கு அடியில் கனிந்து அழுகின பழத்தின் தித்திப்பு நாற்றத்தோடும், மங்கலில் நீண்டுகொண்டே போனது. அம்சவல்லி போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். வெள்ளை மண் தூசியில் கறுப்புக் கோடாக எறும்புகள். சிவசங்கரியின் முதுகு. மடக்கிய கால். உள்ளங்கால்.

அதில் ஒரு ஓட்டை.

உடைந்த பீங்கான் சில்லு ஒன்று உள்ளே புதைந்திருந்தது. அதன் ஓரமாக எறும்புகள் உள்ளே போயின. வெளியே வந்தன.

"டீ போட்டுட்டியாக்கா?" சிவசங்கரி திரும்பவில்லை. கை தேய்த்துக்கொண்டே இருந்தது.

சொல்லிவிடு என்றது மனசு. இப்பவாவது சொல்லித் தொலை. அம்சவல்லி மண்டியிட்டாள். கூடையிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்து அந்தப் பாதத்தை மெல்லத் துடைத்தாள். எறும்புகள் உதிர்ந்தன. விரல் வழுக்கியது. நகம் முழுக்க உள்ளே போனது.

சரக். சரக். சிவசங்கரி அசையவில்லை.

"அக்கா, ஒன்னத்தான். டீ?"

"போடுறேன்டி."

உதிர்ந்த எறும்புகள் மறுபடி வரிசை கட்டின. இப்போதுதான் பார்த்தாள். வெளியே போகிற ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துணுக்கு. மஞ்சளாக. உறைந்த நெய் போல. அந்த வரிசை முற்றத்துக்குப் போகவில்லை. சுவரோரமாக எதிர் அறைக்குப் போனது. அம்சவல்லியின் அறைக்கு.

பின்னாலேயே போனாள். பாய். தலையணை. தலையணைக்கு அடியில் வரிசை முடிந்தது.

தூக்கினாள்.

ஒரு கிள்ளு இல்லை. இரண்டு கை கொள்ளாத அளவு. மஞ்சளாகக் குவிந்திருந்தது. அவள் ராத்திரி தலைவைக்கிற பள்ளத்தில். விரலால் தொட்டாள். உடம்புச் சூடு. தொட்ட இடம் மெல்ல ஏறி இறங்கியது.

"என்னக்கா தேடுற?" சிவசங்கரி காலை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பாதத்துக்கு அடியில் சில்லு தரையில் கிரீச்சிட்டது.

அம்சவல்லி தலையணையை அது இருந்த இடத்திலேயே வைத்தாள். அதன் மேல் உட்கார்ந்தாள். அடியில் அது மூச்சுவிட்டது.

"ஒண்ணுமில்லடி."