அம்மா தலையாட்டினாள்

எங்கள் ஊரில் ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். இல்லை என்றால் மேலும் கீழுமாக. பல்கேரியாவில் வழக்கமே அதுதான்.

ஆனால் கடற்கரை ஓட்டலில் வேலை செய்யும் பிளாமென் அண்ணன், "வெளிநாட்டுக்காரங்களுக்கு எல்லாம் தலைகீழும்மா. நீ நம்ம பழக்கத்துல ஆட்டினா மூட்டையைக் கட்டிருவாங்க" என்று அம்மாவை எச்சரித்திருந்தான்.

பயணப் புத்தகம் எழுதும் ஹெல்மி அக்கா பின்லாந்திலிருந்து எங்கள் ஊருக்கு வரப்போவது தெரிந்ததும், அவரை வீட்டில் தங்க வைக்கும் ஆசையில் அம்மா கண்ணாடி முன் நின்று பழக ஆரம்பித்தாள்.

அக்கா வந்தார். எங்கள் மொழியிலேயே, "ராத்திரி இங்க தங்கிக்கலாமா?" என்று கேட்டார். கூச்சத்தில் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் மேலும் கீழுமாக நன்றாக ஆட்டினாள்.

அக்காவின் முகம் வாடியது. நன்றி சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம வீடு பிடிக்கல போல." அடுப்பில் அவருக்காகச் சுட்ட பாலாடைக்கட்டி அப்பம் மணத்தது.

நான் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன். அக்கா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா கிளம்பிட்டீங்க?"

"உங்க அம்மா வேண்டாம்னுட்டாங்களே."

"அம்மா தலையாட்டினாங்களே."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். மேலும் கீழும் ஆட்டினா இங்க இல்லைன்னு அர்த்தம். படிச்சிட்டுத்தான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எங்கள் பழக்கத்தைக் கற்று வந்திருக்கிறார். அம்மா அவருடையதைக் கற்றிருக்கிறாள். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அக்கா எழுதியதை அவசரமாகக் கோடு போட்டு அடித்தார்.

அதற்குள் பேருந்து வந்தது. ஓட்டுநர் மெத்தோடி மாமா, "ஏறுறீங்களா?" என்றார். அக்கா தம் ஊர்ப் பழக்கத்தில் வேண்டாம் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். மாமா இறங்கி வந்து அக்காவின் பையை எடுத்து உள்ளே வைத்தார்.

"ஏறல மாமா, பையைக் குடுங்க" என்று நான் வாங்கிக்கொண்டு அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அக்கா மறுபடி கேட்டபோது அம்மாவுக்கு எப்படி ஆட்டுவது என்றே தெரியவில்லை. தலை வட்டமாகச் சுற்றியது. அக்கா என்னைப் பார்த்து விழித்தார்.

"தலையைப் பாக்காதீங்க அக்கா. கையைப் பாருங்க" என்றேன்.

அம்மாவின் கை அவர் தட்டில் இரண்டாவது அப்பத்தை வைத்துக்கொண்டிருந்தது.

சாப்பிட்டதும் அக்கா மறுபடி எழுத உட்கார்ந்தார். இந்த ஊரில் தலையாட்டும் பழக்கம் மாறிக்கொண்டிருக்கிறது, வாய்விட்டுக் கேளுங்கள் என்று எழுதுவதாகச் சொன்னார்.

"கலினான்னு என் பேரும் புத்தகத்துல வருமா?"

அக்கா ஏதோ தலையாட்டினார். நான் கையைப் பார்த்தேன். அது 'கலினா' என்று எழுதிக்கொண்டிருந்தது.